நோயாளியை வீட்டிலேயே விட்டு வருவதென்றால்: ஆம்புலன்ஸ் குழுவினருக்கு ஒரு நடைமுறைக் கையேடு

எல்லா ஆம்புலன்ஸ் அழைப்பும் மருத்துவமனை வாசலில் போய் முடிவதில்லை. சுகர் இறங்கி மயங்கிக் கிடந்தவர் குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். பல வருடமாக வலிப்பு உள்ளவருக்கு வழக்கம்போல வந்து, அடங்கி, தெளிந்தும்விட்டது. கட்டிலிலிருந்து சரிந்த முதியவருக்கு அடி எதுவும் இல்லை, தூக்கிவிட ஆள் இல்லாமல்தான் கூப்பிட்டார்கள். இவர்களில் பலரை அங்கேயே கவனித்து, அங்கேயே விட்டு வருவதுதான் சரி. எண்பது வயதுக்காரரைக் காரணமில்லாமல் கூட்டிப்போய் ஸ்ட்ரெச்சரில் மணிக்கணக்கில் படுக்கவைத்தால் குழப்பம், தொற்று, படுக்கைப்புண் என்று புதிதாக நோய் சேர்கிறது.

ஆனால் ஏற்றிச் செல்லும்போது நம் கணிப்பு தப்பினாலும் பின்னால் ஒரு நர்ஸ் பார்ப்பார், ஒரு டாக்டர் பார்ப்பார், ரத்தப் பரிசோதனை ஒன்று காட்டிக்கொடுக்கும். விட்டு வரும்போது கடைசியாகப் பார்ப்பவர் நாம்தான். அதனால் ஏற்றிச் செல்பவரைவிட விட்டு வருபவருக்குத்தான் அதிகப் பரிசோதனை, அதிக நேரம், அதிக எழுத்து வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. விபரீதங்களும் அங்கேதான் தொடங்குகின்றன.

கீழே உள்ளவை பொது நெறிகள். உங்கள் சேவையின் நெறிமுறை இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதுவே செல்லும். விட்டு வரும் அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால், வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே ஆலோசனை டாக்டரைப் போனில் பிடித்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இது யாருடைய முடிவு?

'இவருக்கு மருத்துவமனை தேவையில்லை' என்று நாம் முடிவெடுப்பது ஒன்று. 'நான் வரமாட்டேன்' என்று நோயாளி மறுப்பது வேறொன்று. இரண்டுக்கும் பேச வேண்டிய பேச்சு வேறு, எழுத வேண்டிய எழுத்தும் வேறு. மிக மோசமான பழக்கம் இரண்டையும் கலப்பது. 'அங்கே போனால் வெகுநேரம் காத்திருக்கணும், இப்போ நல்லாத்தானே இருக்கீங்க' என்று நாமே மனதைக் கலைத்துவிட்டு, ஷீட்டில் (அழைப்பைப் பதிவு செய்யும் தாளில்) 'நோயாளி வர மறுத்தார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. அந்தக் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது. முடிவு நம்முடையது என்றால் அப்படியே, காரணத்தோடு எழுத வேண்டும்.

எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் விட்டு வரக்கூடாதவர்கள்

நெஞ்சு வலி வந்த பெரியவர்கள். முதல் ஈசிஜி சுத்தமாக இருப்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களிடம் அது மேல்வயிற்று எரிச்சலாகவோ, வெறும் மூச்சிரைப்பாகவோ, வியர்வையோடு கூடிய அசதியாகவோ வரலாம். 'வாயுதான்' என்று வீட்டில் சொல்வதை நோயாளியின் வார்த்தையாக எழுதிக்கொள்ளலாம். நோயின் பெயராக எழுதக்கூடாது.

அட்ரினலின் ஊசி போடும் அளவுக்கு ஒவ்வாமை வந்த எவரும். ஊசிக்குப் பிறகு முகம் தெளிந்து, தடிப்பு மறைந்து, இவ்வளவுதானா என்று தோன்றும். சில மணி நேரத்தில் இரண்டாவது அலை வரலாம்.

பாராசிட்டமால் அதிகமாக விழுங்கியவர்கள். முதல் நாள் ஏறக்குறைய எந்தத் தொந்தரவும் தெரியாது. அந்த நேரத்தில் கல்லீரல் சேதமாகிக்கொண்டிருக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். 'நல்லா பேசுறாங்களே' என்பது இங்கே எதற்கும் அளவுகோல் ஆகாது. தற்கொலை எண்ணத்தோடு எதை விழுங்கியிருந்தாலும், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்றுங்கள்.

ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் வகை) மயக்கத்துக்கு மாற்று மருந்தான நலோக்சோன் கொடுத்து எழுப்பப்பட்டவர்கள். நலோக்சோன் சுமார் 30 முதல் 90 நிமிடம் வேலை செய்யும். மெத்தடோன் போன்ற ஓபியாய்டுகள் அதைவிட வெகுநேரம் உடலில் நிற்கும். நாம் திரும்பிய பிறகு மூச்சு மறுபடி குறையும்.

பாம்பு கடித்ததாகச் சந்தேகம் இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும். மூடிய அறையில் அடுப்போ ஜெனரேட்டரோ ஓடி, ஒரே வீட்டில் பலருக்குத் தலைவலி, குமட்டல் என்றால். அது கார்பன் மோனாக்சைடு. விரலில் மாட்டும் கருவி அதை ஆக்ஸிஜனாகவே எண்ணி 99 காட்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். கர்ப்பிணிக்கு வயிற்று வலி, ரத்தப்போக்கு, வலிப்பு. முதல்முறை வந்த வலிப்பு. வந்து மறைந்துவிட்ட கை கால் பலவீனமோ பேச்சுக் குளறலோ. திடீரென்று வந்த, இதுவரை இல்லாத கடும் தலைவலி. முதியவருக்குத் திடீர் வயிற்று வலி அல்லது முதுகு வலி.

இந்தப் பட்டியலில் சேராத, ஆனால் இதே அளவு கவனிக்க வேண்டிய ஒருவர் உண்டு. 'என்னமோ சரியில்லை' என்று மட்டும் சொல்லும் முதியவர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நேற்றிலிருந்து சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் தெளிவில்லாத புகாருக்குப் பின்னால் செப்சிஸ் (உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று), மாரடைப்பு, உள் ரத்தக்கசிவு மூன்றையும் தேடிப் பாருங்கள். காரணம் தெரியாமல் பல்ஸ் 110-ல் நிற்கிறது என்றால், காரணம் தெரியும்வரை அவர் வீட்டில் இருக்க வேண்டியவர் இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தப் பல்ஸும் ஏறாது என்பதால், மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பல்ஸை நம்பாதீர்கள்.

அளவுகள்: இரண்டு முறை, முழுதாக

விட்டு வரும் ஒவ்வொருவருக்கும் மூச்சு, ஆக்ஸிஜன், பல்ஸ், பி.பி., உணர்வு நிலை, உடல் வெப்பம், சுகர் என எல்லாம் இரண்டு முறை எடுக்க வேண்டும். வந்தவுடன் ஒன்று, கிளம்புவதற்கு முன் ஒன்று, நடுவில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம். ஒரு அளவு அந்த நொடியின் நிலையை மட்டும் காட்டும். போகும் திசை தெரிய இரண்டு வேண்டும்.

அதிகம் ஏமாற்றப்படும் அளவு மூச்சு. ஷீட்டுகளைப் புரட்டினால் வரிசையாக 16, 18, 16, 18 என்றிருக்கும். பெரும்பாலும் எண்ணாமல் எழுதியவை. ஆனால் உடல் நிலை கெடும்போது மற்ற அளவுகளுக்கு முன்பே அசைவது இதுதான். எண்ணும் முறை: மணிக்கட்டில் பல்ஸ் பார்த்து முடித்ததும் கையை எடுக்காதீர்கள். இன்னும் பல்ஸ்தான் பார்க்கிறோம் என்று அவர் நினைக்கட்டும். பிடித்திருக்கும் அவர் கையை அவர் வயிற்றின் மேல் வைத்தபடி, அது ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சக ஊழியரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஆக்ஸிஜன் கருவியிலும் கவனம் தேவை. கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது நிறுவப்பட்ட விஷயம். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, நடுக்கம் எல்லாம் கெடுக்கும். 94 என்று காட்டி ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள். உட்கார்ந்த நிலையில் சரியாக இருப்பவரைச் சில அடிகள் நடக்கவைத்து மறுபடி பாருங்கள். ஓய்வில் 96 இருந்து, கழிப்பறை வரை போய் வந்தால் 89-க்கு இறங்குபவரை வீட்டில் விட முடியாது.

மதிப்பெண் முறை பயன்படுத்துவது நல்லது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்ட நியூஸ்-2 (NEWS2; ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை) பரவலாகப் பயனில் உள்ளது. அதில் மொத்தம் 5 வந்தாலோ, ஏதேனும் ஒரே அளவில் 3 வந்தாலோ அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஒன்றே 3. புதிதாக வந்த குழப்பமும் 3. இந்த முறை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. இன்னொன்று, மதிப்பெண் அதிகமாக வந்தால் விட்டு வரக்கூடாது என்பது சரி. குறைவாக வந்தால் விட்டு வரலாம் என்று அது சொல்லவில்லை. நெஞ்சு வலிக்காரரும் பாராசிட்டமால் விழுங்கியவரும் பூஜ்யம் வாங்குவார்கள்.

சுகர் இறங்கியவர்

விட்டு வருவதில் நிறைய நடப்பதும், எளிது என்று எண்ணித் தவறுவதும் இங்கேதான்.

ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. விழுங்க முடிந்தவருக்கு 15 முதல் 20 கிராம் சர்க்கரை வாய் வழியாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உணர்வில்லாதவர் வாயில் வீட்டார் ஏற்கெனவே சர்க்கரையோ சாறோ ஊற்றியிருக்கலாம். முதலில் வாயைச் சுத்தம் செய்யுங்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள். நுரையீரலுக்குள் போயிருந்தால், சுகர் ஏறினாலும் அவர் மருத்துவமனை போக வேண்டியவர்.

நரம்பில் கொடுப்பதாக இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி., அதாவது 10 கிராம். ஐந்து பத்து நிமிடம் பொறுத்துச் சுகரைப் பாருங்கள். போதவில்லை என்றால் மறுபடி. 50 சதவீதக் கரைசல் அடர்த்தியானது. ஊசி நரம்பைவிட்டு வெளியேறினால் சதை அழுகும் அளவுக்குப் போகும். ஊசி போட்ட இடத்தில் எரிச்சல் என்று அவர் முகம் சுளித்த கணத்தில் நிறுத்தி, நரம்பைச் சோதியுங்கள். விட்டு வருபவராக இருந்தால் கேனுலாவை (நரம்பில் செருகிய குழாயை) எடுத்த பிறகும் அந்தக் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சுகரை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் 1 மி.கி. தசையில் போட்டிருந்தால் அது கல்லீரலில் இருக்கும் சேமிப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. பட்டினி கிடந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் உடலில் சேமிப்பே இருக்காது. அங்கே அதை நம்ப முடியாது.

மறுபரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. சாறு குடித்தவரின் விரல் நுனியில் சர்க்கரை ஒட்டியிருக்கும். 55 இருக்கும் ஆளுக்கு அந்த விரலில் குத்தினால் கருவி 180 காட்டும். விரலைத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, முதல் சொட்டை ஒற்றி எடுத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் கையில் குத்தாதீர்கள்.

இப்போது முக்கியக் கேள்வி: எந்த மருந்தால் இறங்கியது? இன்சுலின் மட்டும் போடுபவர், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தார், காரணம் தெளிவு என்றால் விட்டு வருவதை யோசிக்கலாம். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்கிளாசைடு, கிளிபிசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் யோசனையே வேண்டாம், ஏற்றுங்கள். இவை கணையத்தைத் தொடர்ந்து இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும்; நாம் கொடுத்த குளுக்கோஸே இன்னும் கொஞ்சம் சுரக்கவைக்கும். ஒரு நாள் வரைகூட மறுபடி மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்து வெளியேறவே தாமதமாகும் என்பதால் அபாயம் இன்னும் அதிகம், அது இன்சுலினாக இருந்தாலும். அதிகாலை மூன்று மணிக்கு, தனியாகத் தூங்கும்போது அது நடந்தால் கூப்பிட ஆள் இருக்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சுகர் இறங்கியிருந்தால் அந்த மாத்திரை காரணமாக இருப்பது அரிது. தொற்று, கல்லீரல் கோளாறு, மது என்று வேறு ஏதோ இருக்கிறது.

நோயாளிக்கோ வீட்டாருக்கோ 'சுகர் மாத்திரை' என்று மட்டும்தான் தெரியும். அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பெயரை நீங்களே படியுங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால் மேலே சொன்ன, தொடர்ந்து சுரக்கத் தூண்டும் வகை மாத்திரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டு வர இவை எல்லாம் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: ஆள் முழுத் தெளிவு; 15 நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் 100-க்கு மேல்; மாவுச்சத்துள்ள உணவை நம் கண்ணெதிரே சாப்பிட்டுவிட்டார்; வாந்தி இல்லை; காரணம் தெரியும்; கருவியில் சுகர் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார். 'அப்புறம் சாப்பிடுகிறேன்' என்பதை ஏற்காதீர்கள். வாயில் கொடுத்த சர்க்கரையும் நரம்பில் கொடுத்ததும் சீக்கிரம் தீர்ந்துவிடும்; அதற்குப் பின் தாங்குவது உணவுதான்.

வலிப்பு வந்தவர்

ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர், வந்தது அவருக்கு எப்போதும் வரும் அதே வகை, ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றது, ஒன்றே ஒன்று, அடியில்லை, தண்ணீரில் நடக்கவில்லை, முழுதும் தெளிந்துவிட்டார், ஆள் துணை இருக்கிறது. இத்தனையும் இருந்தால் விட்டு வரலாம். ஒன்று குறைந்தாலும் ஏற்றுங்கள். நாம் மருந்து கொடுத்து நிறுத்திய வலிப்பும் ஏற்ற வேண்டியதே. அந்த மருந்து மூச்சைக் குறைக்கும்.

'தெளிந்துவிட்டார்' என்பதை யாரிடம் கேட்பது? பெயர், இடம், நாள் சொல்லிவிட்டால் நமக்குத் தெளிந்ததாகத் தோன்றும். கூட வாழ்பவரிடம் 'எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?' என்று கேளுங்கள். அரை மணிக்குப் பிறகும் அவர் 'இல்லை, இன்னும் ஒரு மாதிரிதான்' என்றால் காத்திருப்பதை நிறுத்தி ஏற்றுங்கள். ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமாக இருந்தால் 'வலிப்புக்குப் பின் வருவதுதான்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அதைப் பக்கவாதம் என்று எண்ணியே நடத்த வேண்டும்.

தோள்பட்டையை மறக்காதீர்கள். வலிப்பின் இழுப்பில் தோள் பின்பக்கமாக விலகும்; வெளியே பார்த்தால் தெரியாது. கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். மாத்திரையை விட்டாரா, தூக்கமில்லையா, காய்ச்சலா என்று கேட்டு எழுதுங்கள். சுகர் பார்க்காமல் எந்த வலிப்பையும் வலிப்பு நோய் என்று சொல்லக்கூடாது.

விழுந்த முதியவர்

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் சொல்வது 'தூக்கிவிடுங்க'. தூக்காதீர்கள். தரையில் இருக்கும்போதே கழுத்திலிருந்து கால்வரை பார்த்துவிடுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே வயதானவர்களுக்குக் கழுத்தின் இரண்டாவது எலும்பு உடையலாம், வலி கொஞ்சமாகவே இருக்கலாம். இடுப்பு எலும்பு உடைந்தால் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக்கிடக்கும் என்று படித்திருப்போம். உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் அந்த அடையாளம் வராது, ஆள் நடக்கவும் செய்வார். காலை நீட்டியபடி தூக்கச் சொல்லுங்கள், குதிகாலை லேசாகத் தட்டுங்கள். இடுப்பு மடிப்பில் வலி வந்தால் எக்ஸ்ரே. விலா எலும்பில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் சில நாளில் நிமோனியா வரலாம்.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார்? ஒரு மணிக்கு மேல் என்றால் தசை நசுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், ரத்தம் பார்க்கவேண்டும். கூச்சத்தில் குறைத்துச் சொல்வார்கள். நனைந்த உடை, மடிக்காத படுக்கை, காலையில் சாப்பிடாத மாத்திரை ஆகியவற்றை வைத்து நேரத்தை நீங்களே கணக்கிடுங்கள்.

தலையில் அடியா? வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகாட்ரான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவமனை முடிவு செய்யட்டும். அதை வாசலில் நின்று நாம் முடிவு செய்ய முடியாது. 'தலையில் படவில்லை' என்பார்கள். முடியைப் பிரித்துத் தடவிப் பாருங்கள்.

பிறகு, ஏன் விழுந்தார்? 'கால் வழுக்கிவிட்டது' என்று சொல்பவரிடம் கீழே சாய்ந்த நொடி ஞாபகமிருக்கிறதா என்று கேளுங்கள். எழுந்து நடந்தது ஞாபகம், அடுத்தது தரையில் கிடந்தது ஞாபகம், நடுவில் ஒன்றுமில்லை என்றால் அது மயக்கம். ஈசிஜி எடுங்கள். ஓடும்போதோ உழைக்கும்போதோ வந்த மயக்கம், படுத்திருக்கும்போது வந்தது, எச்சரிக்கையே இல்லாமல் வந்தது, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் உள்ளது: இவை இதயத்தைக் காட்டும் அடையாளங்கள்; வயது எதுவானாலும் ஏற்றுங்கள்.

படுத்தபடி ஐந்து நிமிடம் இருக்கவைத்து பி.பி. எடுங்கள். நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் தேட வேண்டும்: நீர்ச்சத்துக் குறைவா, பி.பி. மாத்திரையா, கறுப்பாக மலம் போகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நாக்கு வராது, கேட்டே ஆகவேண்டும்.

அடியில்லை என்று உறுதியானதும் அவரையே எழவையுங்கள். பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, கை முழங்காலில் நின்று, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி உட்காரவையுங்கள். இதில் எங்கே தடுமாறுகிறார் என்பதே ஒரு பரிசோதனை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் என்றால் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். வழக்கமாக ஊன்றுகோல் வைத்து நடப்பவர் ஊன்றுகோலோடு, வழக்கமாக நடக்கும் தரையில் நடக்க வேண்டும். நேற்று நடந்தவர் இன்று நடக்கவில்லை என்றால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும்கூட அவர் வீட்டில் தனியாக இருக்க முடியாதவர்.

ஆஸ்துமா

சால்புட்டமால் நெபுலைசர் வைத்ததும் எல்லோரும் தெளிவார்கள். நாலைந்து மணி நேரத்தில் மருந்து இறங்கிவிடும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். ஒரே நெபுலைசரில் முழு வாக்கியமாகப் பேசி, ஆக்ஸிஜன் 94-க்குக் குறையாமல், கருவியில் மூச்சை ஊதும் வேகம் (பீக் ஃப்ளோ) அவருடைய சிறந்த அளவில் 75 சதவீதத்துக்கு மேல் வந்து, ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால் மட்டும் விட்டு வரும் பேச்சு. ஸ்டீராய்டு மாத்திரை யார் கொடுப்பார், எப்போது டாக்டரைப் பார்ப்பார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். முன்பு வென்டிலேட்டரில் இருந்தவரை, எவ்வளவு தெளிந்தாலும் விடாதீர்கள்.

அந்திமக் காலத்தில் இருப்பவர்

இங்கே மட்டும் கேள்வி திரும்புகிறது. குணமாகாத நோயின் கடைசி நாட்களில், வீட்டிலேயே இருக்க விரும்பி, அதை முன்பே சொல்லியோ எழுதியோ வைத்திருப்பவரை ஏற்றிக்கொண்டு போவதுதான் கெடுதலாக முடியலாம். மூச்சுத்திணறலையும் வலியையும் பார்த்துப் பயந்து வீட்டார் கூப்பிட்டிருப்பார்கள். அவருடைய கோப்பைக் கேளுங்கள், வீட்டில் இருக்கும் மருந்தைப் பாருங்கள், அவரைக் கவனிக்கும் வலிநிவாரணக் குழுவையோ டாக்டரையோ போனில் பிடியுங்கள். தொந்தரவைக் குறைத்து, அடுத்து யார் எப்போது வருவார்கள் என்று உறுதியாகும்வரை கூடவே இருங்கள். அந்த அரைமணி நேரம் வீணான நேரம் இல்லை.

வரமாட்டேன் என்று மறுப்பவர்

தெளிவான மனதோடு ஒருவர் மறுக்கலாம். நமக்குத் தவறாகத் தெரியும் முடிவையும் எடுக்கலாம். முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள்: சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும் வரை நினைவில் நிற்கிறதா, நன்மை தீமையை எடைபோடுகிறாரா, முடிவை வெளிப்படுத்த முடிகிறதா. 'சரி சரி' என்று தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளம் இல்லை. 'நீங்க வரலைன்னா என்ன ஆகலாம்னு நான் சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேளுங்கள். சுகர் குறைவு, ஆக்ஸிஜன் குறைவு, தலையடி, தொற்று எல்லாமே இந்தத் திறனைத் தற்காலிகமாகக் கெடுக்கும். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்த பிறகு மறுபடி கேட்க வேண்டும். மது அருந்தியிருப்பதால் மட்டும் திறன் போய்விடாது. ஆனால் குளறலுக்கு மதுதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது.

மறுப்பவரிடம் ஆபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, 'ஏன் வேண்டாம்கிறீங்க?' என்று ஒருமுறை கேட்பது பலன் தரும். படுக்கையில் இருக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. போன தடவை அங்கே அவமானப்பட்டார். பள்ளியிலிருந்து பேத்தி வருவாள். இவற்றில் பலவற்றுக்கு இரண்டு போன்காலில் வழி பிறக்கும். வீட்டாரை வெளியே நிற்கச் சொல்லித் தனியாகவும் பேசுங்கள். அவர் வாயைத் திறக்கவிடாமல் இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இது கட்டாயம்.

கிளம்பும் முன்

'ஏதாவதுன்னா கூப்பிடுங்க' என்பது அறிவுரையே இல்லை. எது அந்த 'ஏதாவது' என்று அவர்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டு 'ஒன்றுமில்லை' என்று கேட்டவர்கள் இரண்டாவது முறை கூப்பிடத் தயங்குவார்கள். அறிகுறி, நேரம், செய்ய வேண்டியது மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாழ்சர்க்கரை வந்தவர் வீட்டில் இப்படி: 'இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, தூங்கும் முன் ஒருமுறை, அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை சுகர் பாருங்கம்மா. 70-க்குக் கீழே வந்தா சர்க்கரை கொடுத்து உடனே எங்களைக் கூப்பிடுங்க. எழுப்பி எழவில்லைன்னா வாயில் எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்கவெச்சுட்டுக் கூப்பிடுங்க. நாளைக்கே டாக்டரைப் பார்த்து ஊசி அளவைக் கேளுங்க.'

சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். கூப்பிட வேண்டிய எண், நாம் எடுத்த அளவுகள், கொடுத்த மருந்து, நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மறுநாள் பார்க்கும் டாக்டருக்கு அதுதான் கைக்குறிப்பு. அவருக்கு நாமே தகவல் சொல்லும் வழி இருந்தால் அதையும் செய்யுங்கள், நோயாளி தானாகப் போவார் என்று விட்டுவிடாமல். கூட இருப்பதாகச் சொன்னவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேளுங்கள். 'மகன் இருக்கான்' என்பதும் 'மகன் ராத்திரி வேலைக்குப் போகிறான்' என்பதும் ஒரே வீட்டில் உண்மையாக இருக்கும். போன் கைக்கெட்டும் இடத்தில், சார்ஜோடு இருக்கிறதா பாருங்கள்.

ஷீட்டில் எழுத வேண்டியவை: இரண்டு முழு அளவுகள் நேரத்தோடு, எதையெல்லாம் தேடினோம், எது இல்லை என்று கண்டோம், முடிவு யாருடையது, ஆலோசித்த டாக்டர், நேரம், கூட இருப்பவர் யார், உறவு என்ன, என்ன எச்சரிக்கை சொன்னோம், மறுத்தவர் சொன்ன வார்த்தைகள் அவர் சொன்னபடியே. 'நோயாளி நலம்' என்ற இரண்டு சொல்லால் எதுவும் தெரியாது. 'தனியாக எழுந்து சமையலறை வரை நடந்து திரும்பினார், மூச்சு வாங்கவில்லை, மகள் எப்போதும்போல் இருப்பதாகச் சொன்னார்' என்று எழுதினால் அடுத்து வரும் குழுவுக்கு ஒப்பிட ஒரு நிலை கிடைக்கும்.

எழுதும்போது உங்களையும் ஒருமுறை கேளுங்கள். ஷிப்ட் முடியும் நேரமா? அடுத்த அழைப்பு காத்திருக்கிறதா? இந்த வீட்டுக்கு இந்த மாதம் பலமுறை வந்தாயிற்றா? அடிக்கடி கூப்பிடுபவர் என்று பெயரெடுத்தவரைக் கூடுதலாகச் சோதியுங்கள். அவருக்கும் ஒருநாள் நிஜமாகவே மாரடைப்பு வரும், அன்றும் அவர் அதே குரலில்தான் கூப்பிடுவார். இருவர் குழுவில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஏற்றுங்கள். பயிற்சியில் இருப்பவரின் மனம் என்றாலும் சரி.

நேற்று விட்டு வந்த வீட்டிலிருந்து இரண்டு நாளுக்குள் மறுபடி அழைப்பு வந்தால், அதே தொந்தரவு என்றே தோன்றினாலும், முந்தைய ஷீட்டின் முடிவை நகலெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து பாருங்கள், பழைய அளவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த முறை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லுங்கள்.